நெருப்பில்லாக் கட்டடம்

காலை 8.50.

மூன்றாம் மாடி வீட்டுக் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல்கள் இரண்டும் சாத்திக் கொக்கி மாட்டியிருந்தன. கட்டிலில் பேக்கரிக்காரி ஒருக்களித்துக் கிடந்தாள். கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை, கன்னத்தில் தட்டியும் முனகவில்லை. மூச்சு மட்டும் இழையாக ஓடிக்கொண்டிருந்தது. கதவை உடைத்த தச்சரே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். காலைச் சாப்பாடு கொண்டுவந்த தங்கை, பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்காமல் பின்னாலேயே ஓடினாள்.

9.40-க்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கிறதாம். நிறமும் மணமும் இல்லாத விஷவாயு அது. எரிவது ஒழுங்காக எரியாமல் திணறும்போது பிறப்பது. பிழைப்பாளா என்று கேட்டதற்கு, சாயங்காலம்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சொறியாமல் என்ன செய்வார்? அந்தக் கட்டடத்தில் நெருப்பே கிடையாது. தெருவிலுள்ள பன்னிரண்டு கட்டடங்களையும் வானத்துக்குப் புகை அனுப்பாத கட்டடங்களாக மாற்றுவது என்று முடிவாகி, முதலாவதாக மாற்றப்பட்டது இதுதான். கேஸ் குழாயை ஏழு மாதத்துக்கு முன்பே வெட்டிவிட்டார்கள். அடுப்பெல்லாம் கரண்டில். வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சி வெந்நீர் போடும் மெஷின் வீட்டுக்கு ஒன்று. மொட்டைமாடி முழுக்கச் சூரியப் பலகைகள். சுவருக்கு வெளியே மெத்தை மாதிரி ஒரு போர்வை, ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. குளிர் உள்ளே வராது, சூடு வெளியே போகாது. தீக்குச்சி கிழிக்கும் தேவைகூட யாருக்கும் இல்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, ஆனால் புகை செய்கிற வேலை மட்டும் நடந்திருந்தது.

காலை 10.15.

ஓட்டையக்கா வந்து சேர்ந்தாள். பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அவளுக்கு அது பழகிவிட்டது. கட்டடத்தில் காற்று கசியும் ஓட்டைகளைத் தேடிப் பிடித்து அடைப்பது அவள் தொழில். கையில் ஒரு புகைக்குச்சி வைத்திருப்பாள். அதன் நுனியிலிருந்து நூல் போலப் புகை எழும். புகை நேராக நின்றால் சுவர் நல்ல சுவர். வளைந்தால் பக்கத்தில் எங்கோ திருட்டு வழி இருக்கிறது. இருபது வருஷமாக இதே வேலை. அவளுக்குக் கீழே பதினோரு பெண்கள், அடுத்த கட்டடத்தில் திங்கட்கிழமை வேலை தொடங்கக் காத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். அடைப்புச் சீட்டு. பழைய கேஸ் கீசர்களின் புகை போவதற்காக, ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள வீட்டு வரிசை ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து மேல்வரை சுவருக்குள் ஒரு கூண்டு உண்டு. வீட்டுக்கொரு துளை வழியாக அதில் புகை சேரும். கூண்டின் வாயை மொட்டைமாடியில் மூடியாயிற்று. வீட்டுத் துளைகளையும் அடைத்தாயிற்று. அடைத்தவர் என்ற இடத்தில் ஓட்டையக்காவின் கையெழுத்து இருந்தது.

காற்று போக வழியில்லாமல் பெட்டி மாதிரி மூடி வைத்தால் மனுஷன் மயங்காமல் என்ன செய்வான் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடியிருப்போர் கூட்டம். போட்ட அடைப்பையெல்லாம் உடைத்து, தெருத் திட்டத்தையும் நிறுத்திவிடலாம் என்று பாதிப் பேர் இப்போதே பேசுகிறார்களாம். கூட்டம் முடிந்ததும் இந்தச் சீட்டை வைத்து வழக்குப் பதிவு செய்வதாக இருந்தார் அவர்.

"மூடி விஷம் சமைக்காது சார்," என்றாள் ஓட்டையக்கா. "அடுப்பு எங்கேன்னு பாருங்க."

"பார்த்தாச்சும்மா. குடியிருப்போர் சங்கச் செயலாளரே கூட வந்து வீடு வீடா காட்டினார். ஒரு மெழுகுவத்திகூட இல்ல."

ஓட்டையக்காவின் வாய்தான் தைரியமாகப் பேசியது. அந்த மூன்றாம் மாடித் துளையை அடைத்த அன்றைக்கு அவளுக்கு நல்ல காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு வேலையை முடித்தது நினைவிருக்கிறது, எப்படி முடித்தாள் என்பது நினைவில்லை. பேக்கரிக்காரியை அவளுக்குத் தெரியும். இரவெல்லாம் அடுமனையில் நின்று ரொட்டி சுட்டுவிட்டு விடிகாலை ஐந்தரைக்கு வந்து படுக்கிற பெண். வேலை நடந்த நாட்களில் கதவைத் திறந்து தூக்கக் கண்ணோடு, சத்தம் போட்டுக்கோங்க அக்கா, எனக்குப் பழக்கந்தான் என்று சொன்னவள். அவள் உயிருக்கு ஒன்று ஆகி, அதற்குக் காரணம் என் கை என்றால், அப்புறம் இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வழக்கைவிட இந்தக் கேள்விதான் அவளைத் தின்றது.

காலை 11.00.

முதலில் பார்த்தது அந்த அடைப்பைத்தான். குளியலறைச் சுவரில், கண்ணாடிக்கு மேலே. ஈரம் காயும் முன் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, பக்கத்தில் எண் கீறுவது அவள் வழக்கம். விரல் பதிவு இருந்தது, எண் இருந்தது, விளிம்பில் மயிரிழை விரிசல்கூட இல்லை. புகைக்குச்சியைக் காட்டினாள். புகை ஆடாமல் நேராக எழுந்தது. காய்ச்சலிலும் கை பொய் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் பாதி நிம்மதி நிம்மதியாகாது. விஷம் வேறு எந்த வழியாக வந்தது?

படுக்கையறைக்குள் சென்று, காற்று மாற்றும் மெஷினைப் பார்த்தாள். மிகக் குறைந்த வேகத்தில் வைத்திருந்தது. பகலில் தூங்குகிறவள், அதன் இரைச்சல் பிடிக்காமல் குறைத்திருக்கிறாள். புகைக்குச்சியோடு சுவரோரமாக அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். கட்டிலின் தலைமாட்டில் மரத்தில் ஒரு புத்தகத் தட்டு. அதன் அருகே வந்ததும் புகைநூல் வெடுக்கென்று அறைப் பக்கம் சாய்ந்தது. தட்டின் பின்னாலிருந்து காற்று வருகிறது.

தச்சரைக் கூப்பிட்டுத் தட்டைக் கழற்றச் சொன்னாள். சுவரில் நான்கு ஆணிகளுக்கு ஐந்து துளைகள். ஒன்று தப்பாகப் போட்டு, அப்படியே விட்டது. அதில் கம்பியை விட்டால் தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் புகைக்கூண்டு. பலகையின் பின்பக்கம் ஈரத்தில் ஊதிக் கறுத்திருந்தது.

"மழைத்தண்ணியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேலே மூடியிருக்கிறது, மழை வராது என்றாள். கேஸ் எரிந்தால் சூட்டோடு நீராவியும் வரும், அதுதான் இந்த ஈரம். ஆக, இதே வரிசையில் கீழே யாரோ ஒருவர் கேஸ் எரிக்கிறார்.

பேக்கரிக்காரியின் தங்கைக்குப் போன் போட்டாள். தட்டை எப்போது மாட்டினீர்கள் என்று கேட்டாள். மூன்று வாரம் இருக்கும், அக்காவும் நானுமாகத்தான் துளை போட்டோம் என்றாள் தங்கை. அழுகையினூடே இன்னொன்றும் சொன்னாள். மூன்று வாரமாகவே அக்கா தூங்கி எழுந்தால் தலைவலி என்பாளாம். இன்று மாதிரி ஒருநாளும் ஆனதில்லையாம். இன்றைக்கு இந்தக் குளிர்காலத்திலேயே மோசமான குளிர்.

பகல் 12.30.

அந்த வரிசையில் கீழே மூன்று வீடுகள். முதல் மாடியில் ஒரு இளம் ஜோடி, கதவைத் திறந்துபோட்டு எங்கே வேண்டுமானாலும் பாருங்கள் என்றார்கள். அடைப்பு அப்படியே இருந்தது, விரல் பதிவும்.

இரண்டாம் மாடியில் ரிட்டயரான கணக்கு வாத்தியார், ஒண்டிக்கட்டை. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து எதிர்த்தவர். டப்பாவுக்குள் அடைத்துச் சாகடிக்கப் போகிறீர்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவர். இன்ஸ்பெக்டருக்கு அவர்மேல்தான் கண். போதாக்குறைக்கு வாத்தியார் கதவை ஒரு சாணுக்கு மேல் திறக்க மறுத்தார். வீடு ஒழுங்காக இல்லை என்றார், அப்புறம் வாருங்கள் என்றார், கடைசியில் காது மந்தம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பூட்ஸ் காலைக் கதவிடுக்கில் வைத்துத் தள்ளினார்.

உள்ளே கேஸும் இல்லை, அடுப்பும் இல்லை. சுவர் முழுக்கக் கட்டம் போட்ட காகிதங்கள். வெளியே எத்தனை டிகிரி, உள்ளே எத்தனை டிகிரி, எத்தனை யூனிட் கரண்ட் என்று நாள்வாரியாகப் புள்ளி வைத்து இணைத்திருந்தார். ஜன்னலுக்குத் தன் காசிலேயே கனத்த திரை தைத்துப் போட்டிருந்தார். எதிர்த்துப் பேசிய வாயால் எப்படிப் பாராட்டுவது என்று தெரியாமல், மனுஷன் ரகசியமாகக் கட்டடத்தை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார் வெட்கத்தோடு. "கீழ நோட்டீஸ் போர்டுல மாசாமாசம் யூனிட் கணக்கு ஒட்டுறாங்கல்ல, அதுல ஒருதரமாவது முதல்ல வரணும்னு ஆசை. பச்சத்தண்ணியிலகூட குளிச்சுப் பார்த்துட்டேன். அந்தச் செயலாளரை ஜெயிக்க முடியல."

அவர் வீட்டு அடைப்பும் பழுதில்லை. ஓட்டையக்கா படியிறங்கும்போது வழக்கத்தைவிட மெதுவாக இறங்கினாள்.

பகல் 1.20.

தரைத்தளத்தில் செயலாளர் வீடு. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, அவர் என ஐந்து பேர். இந்தத் திட்டத்தைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்ததே அவர்தான். வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினார், வெந்நீர் மெஷினுக்குத் தொட்டி எந்த அளவு என்று முடிவு செய்தார், பத்திரிகைக்காரர்கள் வந்தால் பேட்டி கொடுத்தார். இன்று காலை முகம் வெளுத்து, பேக்கரிக்காரிக்கு ரத்தம் தேவையென்றால் தான் தருவதாக ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போன் செய்திருந்தார்.

துளை எங்கே என்று கேட்டதற்கு, குளியலறையில் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, அலமாரியைச் சுவரோடு முடுக்கியாயிற்று என்றார். இவர் வீட்டையே சந்தேகப்பட்டால் அப்புறம் யாரைத்தான் நம்புவது என்று இன்ஸ்பெக்டர் வாசலோடு திரும்பிவிட்டார். ஓட்டையக்கா மட்டும் தாகமாக இருக்கிறது என்று உள்ளே போனாள்.

தண்ணீர் கொடுத்தது செயலாளரின் அம்மா. பேச்சுத் துணைக்கு ஏங்கியவர், உட்காரச் சொன்னார். குளியலறைக்கு ஒட்டினாற்போல இருப்பதுதான் தன் அறை என்று காட்டினார்.

"ரெண்டு மாசமா காலையில ஒரே தலைசுத்தலா இருந்துச்சும்மா. டாக்டர் பிரஷர் மாத்திரை கொடுத்தார், கேக்கல. அப்புறம் பார்த்தா தானா போயிடுச்சு. மூணு வாரமா ஒண்ணுமே இல்ல. இந்த வீட்டுக் காத்துதான் காரணம்னு பையன் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறான்."

ஓட்டையக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். வெளியே வந்து நோட்டீஸ் போர்டுக்கு முன் நெடுநேரம் நின்றாள். பிறகு இன்ஸ்பெக்டரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள்.

மாலை 5.00.

சைக்கிள் நிறுத்தும் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். செயலாளர்தான் கூட்டத்துக்குத் தலைமை. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தவரை இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார். முதலில் இந்த அம்மா பேசட்டும் என்றார். ஓட்டையக்காவுக்கு மேடைப் பேச்சு வராது. நோட்டீஸ் போர்டிலிருந்த காகிதத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இதுல செயலாளர் வீடுதான் முதல்ல இருக்கு. அஞ்சு பேர். வாத்தியார் ஒருத்தர், பச்சத்தண்ணியில குளிக்கிறார், அவரே நாலாவது. குளிர் காலத்துல இந்த வீடுங்கள்ல அதிகமா கரண்ட் இழுக்கறது வெந்நீர். அஞ்சு பேர் குளிச்சும் கணக்கு ஏறலன்னா, ஒண்ணு அவங்க குளிக்கறதில்ல. இல்லாட்டி, வெந்நீர் கரண்டுல போடல."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். செயலாளர் எழுந்தார். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார், தன் குளியலறை அலமாரிக்குள் துண்டும் சோப்பும் தவிர ஒன்றுமில்லை என்றார். அலமாரியைப் பற்றி அதுவரை யாரும் பேச்செடுக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். இன்ஸ்பெக்டர் தச்சரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஐந்து நிமிஷத்தில் தச்சர் திரும்பி வந்தார். அலமாரியின் பின்பலகையைக் கழற்றினால் பழைய கேஸ் கீசர், அடியில் ஒரு சின்ன சிலிண்டர். அடைப்பைக் குடைந்தெடுத்து, கீசரின் குழாயைக் கூண்டுக்குள் செருகியிருக்கிறது. எல்லாத் துளையும் அடைபட்டு, காற்றுச் சோதனையில் கட்டடம் தேறி, ஓட்டையக்கா கையெழுத்துப் போட்டுப் போன பிறகு நடந்த வேலை அது.

செயலாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. போதுமென்று அவர் அடித்துச் சொல்லி வாங்கிய வெந்நீர்த் தொட்டி போதவில்லை. மூன்று பேர் குளித்தால் நான்காவது ஆளுக்குத் தண்ணீர் ஆறிவிடும். அதைச் சபையில் சொன்னால் தன் முடிவு தப்பு என்றாகும், திட்டத்தின் பெயர் கெடும். குளிர் ஆரம்பித்ததும், இந்த ஒரு பருவம் சமாளிப்போம் என்று பரணிலிருந்த கீசரை இறக்கினார். புகைதான் கூண்டோடு போய்விடுமே என்று நினைத்தார். கூண்டின் வாய் மேலே மூடியிருப்பது அவருக்குத் தெரியும். மூட ஆள் விட்டவரே அவர்தான். காலங்காலமாகப் புகை போன வழிதானே, எப்படியாவது போகும் என்று இருந்துவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

"போக வழியில்லாத புகை எங்க போகும்?" என்றாள் ஓட்டையக்கா. அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு மாசமா உங்க வீட்டுக்குள்ளதான் திரும்பி வந்துச்சு. உங்கம்மாவுக்கு வந்தது பிரஷர் இல்ல. மூணு வாரம் முன்னாடி மேல அந்தப் பொண்ணு தெரியாம ஒரு துளை போட்டா, புகைக்கு அது வழியாச்சு. அன்னையோட உங்கம்மா தலைசுத்தல் நின்னுச்சு, அவளுக்குத் தலைவலி ஆரம்பிச்சுது. வியாதி குணமாகல, மாடி ஏறிடுச்சு. இந்த வரிசையில, நீங்க குளிக்கிற நேரத்துல தூங்கற ஒரே ஆள் அவதான். இன்னைக்கு இருந்த குளிருக்கு வெந்நீரும் அதிகமா ஓடியிருக்கும். அந்தத் துளை மட்டும் இல்லேன்னா, இந்நேரம் உங்க பிள்ளைங்களுக்கு என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

செயலாளர் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவரைத் திட்டுவதற்கென்று எழுந்த நாலைந்து பேரும் திட்டாமலே உட்கார்ந்தார்கள்.

கொல்லும் நோக்கம் இல்லை, ஆனால் உயிரோடு விளையாடிய குற்றம் குற்றம்தான், வழக்கு உண்டு என்றார் இன்ஸ்பெக்டர். அடைப்புச் சீட்டை நாலாக மடித்து ஓட்டையக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். காலையில் பேசியதற்கு மன்னிப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஸ்டேஷன் கட்டடத்தில் கூடக் குளிர் தாங்கவில்லை, ஒருநாள் வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அப்போது வாத்தியார் எழுந்தார். எல்லோரும் எதிர்ப்பை எதிர்பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு கேள்வி என்றார் அவர்.

"வெந்நீர் பத்தாம ஆறின தண்ணியில குளிக்கிறவங்க எத்தனை பேர்? மறைக்காம கை தூக்குங்க."

ஒரு கை எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து இன்னொன்று. பிறகு கூடம் முழுக்கக் கைகள். ஏழு மாதமாக ஒவ்வொரு வீடும், நம் வீட்டில்தான் கோளாறு போலிருக்கிறது, வெளியே சொன்னால் மானம் போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குளித்திருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் அடைபட்டிருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. தொட்டியைப் பெரிதாக்குவது, திட்டத்தைத் தொடர்வது என்று தூக்கிய கையை இறக்காமலே தீர்மானம் நிறைவேறியது.

மாலை 5.50.

ஓட்டையக்காவின் போன் அடித்தது. தங்கை. ஒலியைக் கூட்டிப் போட்டாள். ஆபத்து தாண்டிவிட்டது, கண் விழித்துவிட்டாள் என்றாள் தங்கை, அதற்கு மேல் பேச முடியாமல் போனைத் தன் அக்காவிடம் கொடுத்தாள்.

நடந்ததை ஓட்டையக்கா சுருக்கமாகச் சொன்னாள். பிறகு பேக்கரிக்காரி கேட்டாள், குரல் இன்னும் கரகரத்தது:

"எனக்கு வேற போக்கிடம் இல்லக்கா. அந்த வீட்டுல நான் இனிமே பயமில்லாம தூங்கலாமா?"

காலையில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ஓட்டையக்காவால் பதில் சொல்லியிருக்க முடியாது.

"தூங்கலாம் கண்ணு," என்றாள். "நான் சொல்றேன், நல்லா தூங்கலாம்."

போனை வைத்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.